வேலூர் பனிச்சிற்பக் கூடம்: சிலையைப் பார்க்கும் முன் கதவைப் பாருங்கள்

அரையாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து காட்பாடி பக்கம் ஓடுகிற ஆட்டோக்களின் முதுகில் ஒரு பென்குயின் சிரித்துக்கொண்டிருக்கிறது. திடலில் கொட்டகை போட்டு, அதற்குள் வெப்பம் புகாத பஃப் பேனல் பலகைகளால் அறை கட்டி, மைனஸில் குளிரூட்டி, ஐஸில் செதுக்கிய சிலைகளை நிறுத்தியிருக்கும் கூடத்தின் விளம்பரம் அது. காணும் பொங்கலுக்குப் பிறகும் ஒரு வாரம் இருக்கும். டிக்கெட் 250 ரூபாய். ஜாக்கெட்டும் கம்பூட்டும் அதில் அடக்கம், கையுறைக்குத் தனியாக 30. உள்ளே இருக்க 20 நிமிடம். ஐந்து பேர் போனால், வெளியே வந்து குடிக்கிற சுக்குக் காபி, பஜ்ஜி எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய் கரையும்.

அந்தக் காசுக்குத் தகுமா? வார நாளில் காலை முதல் சுற்று என்றால் தாராளமாகத் தகும். ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் தகாது. இரண்டு நேரத்துக்கும் கூடம் அதேதான், சிலைகளும் அதேதான். கதவுதான் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

வாசலில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. நடுவில் பத்துப் பேர் நிற்கும் அளவுக்கு ஒரு முன்னறை. முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அறையே. உட்கதவில் தொங்குகிற தடித்த பிளாஸ்டிக் கீற்றுத் திரையும் அதற்குத்தான். காலையில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். "அண்ணே, பின்னாடி கதவ சாத்திட்டு நில்லுங்கண்ணே" என்று காவலாளி ஒவ்வொரு குழுவிடமும் கேட்டு, சாத்திய பிறகே உள்ளே விடுகிறார். மாலையில் கூட்டம் நெருக்கியதும் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து நிற்கின்றன. கீற்றுத் திரையைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அது முகத்தில் படுகிறதாம்.

குளிர்ந்த காற்று கனம். கதவு திறந்ததும் அது தரையோடு தண்ணீர்போல வெளியே வழியும். அது விட்ட இடத்துக்கு மேல்பாதி வழியாக வெளிக்காற்று ஏறும். 25 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் மாலைக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 8 டிகிரிக் காற்று தாங்குவது இரண்டரை கிராம். மிச்சம் 14, 15 கிராம் எங்கே போகும்? அதில் ஒரு பங்கு சிலைகள்மீது வெண்பூச்சாக உட்காரும், மீதி கூரையோரம் ஓடும் குளிர்க் காயிலில், அதாவது அறையைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், உறையும். காயில் அடைத்துக்கொண்டால் டீஃப்ராஸ்ட் போட்டே ஆக வேண்டும். காற்றாடியை நிறுத்தி, ஹீட்டரால் காயிலைச் சூடாக்கி உறைபனியை உருக்கி வடிக்கிற அந்த இருபது முப்பது நிமிடமும் அறை சூடேறிக்கொண்டே இருக்கும். காயில் பக்கமிருந்து வழக்கமான இரைச்சல் வராமல் அமைதியாக இருந்தால் அந்த நேரத்தில் நுழைந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆட்களும் அடுப்புதான். மெதுவாக நடக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறத்தாழ 150 வாட் வெப்பம் வெளியேறுகிறது. காலைச் சுற்றில் 40 பேர் என்றால் 6 கிலோவாட். விடுமுறை மாலையில் 70 பேரை அடைக்கிறார்கள், அது பத்தரை கிலோவாட். வீட்டு ஒன்றரை டன் ஏசி இரண்டை முழு மூச்சில் ஓட்டினால் இழுக்கும் வெப்பம் இது. கம்ப்ரசருக்கு அந்தக் கூடுதல் தெம்பு இல்லையென்றால், ஒரு மணி நேரத்தில் 100 கிலோவுக்கு மேல் ஐஸை உருக்க இந்த வெப்பமே போதும். 'டன்' என்ற அளவே இப்படிப் பிறந்ததுதான். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஒரு டன்.

வரிசை நிற்கும் தாழ்வாரத்தில் பழைய மெட்ராஸ் ஐஸ் ஹவுஸைப் பற்றி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். யாரும் நின்று படிப்பதில்லை, ஆனால் கூடத்தில் உருப்படியான விஷயங்களில் ஒன்று அது. அமெரிக்கக் குளங்களில் அறுத்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து 1842-ல் கட்டிய அந்தக் கட்டடத்தில் வைத்து விற்றார்கள். அதற்கு முன்பே, 1833-ல், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய கப்பலில் ஏற்றியது 180 டன். நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, இறங்கியது சுமார் 100 டன். கம்ப்ரசர் கிடையாது. பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி வெப்பம் புகாதபடி மூடினார்கள், வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. பலகையை மாட்டியவர்களே அதை ஒருமுறை படிக்கலாம்.

சரி, சிலைகள். ஐஸ் சிலையின் மேல்பரப்பைப் பார்த்தே அது பட்ட பாட்டைச் சொல்லிவிடலாம். பூஞ்சணம் பூத்ததுபோல் வெள்ளையாக மயிரிழை மயிரிழையாக இருந்தால் வெளி ஈரம் உள்ளே வந்திருக்கிறது. அப்படி இல்லாமல் வழவழவென்று கண்ணாடிபோல மின்னி, மூக்கும் விரலும் மழுங்கி, முழங்கைக்குக் கீழே ஊசி ஊசியாகத் தொங்கினால் அறை ஒருமுறையாவது பூஜ்யத்தைத் தாண்டி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். கரண்ட் போய் ஜெனரேட்டர் தாமதமானால் இதுதான் நடக்கும். மெல்லிய பாகம்தான் முதலில் போகும், எடையோடு ஒப்பிட்டால் வெப்பம் வாங்கும் பரப்பு அதற்கு அதிகம். உள்ளுக்குள் கண்ணாடிச் சில்லுபோல் பளபளக்கும் வெடிப்பு தெரிந்தால் குற்றம் அறையுடையது அல்ல, செதுக்கியவர் அவசரப்பட்டிருக்கிறார். மைனஸ் 18-ல் இருந்த பாளத்தை எடுத்தவுடன் வெளிச்சூட்டில் வைத்தால் மேல்தோல் விரியும், நடுப்பகுதி விரியாது, படீரென்று பிளக்கும். மேலே படிந்த வெள்ளை போய், பாளம் வியர்த்து, தெளிவாகும்வரை பொறுத்த பிறகுதான் வாள் வைக்க வேண்டும்.

இந்த மூன்றில் இங்கே அதிகம் தெரிவது முதலாவது. இரண்டாவதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது, யாளித்தூண். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்ட துணிச்சலுக்கே பாராட்டலாம். கல்லும் ஐஸும் ஒரு விதத்தில் பங்காளிகள். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் ஒடியும். அதனால்தான் அந்த மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் உருவங்களுக்கு அடியில் வீரர்களையும் விலங்குகளையும் நிறுத்தி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது போர்க்காட்சி, செய்தவருக்குத் தாங்குகால். ஐஸ் யாளியிலும் அந்த வித்தையை அப்படியே பிடித்திருக்கிறார்கள். ஆனால் இடுப்பு உயரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடுகிறது. இரண்டு பாளங்களை ஒட்டும்போது, இளஞ்சூடான அலுமினியத் தகட்டால் இரு முகங்களையும் சமமாக உருக்கி, உடனே அழுத்திப் பிடித்தால் நடுவிலிருக்கும் நீர்ப்படலம் உறைந்து ஒட்டுத் தெரியாமல் போகும். நேரமில்லாதவர்கள் ஐஸ் தூளையும் தண்ணீரையும் குழைத்து சிமென்ட் பூசுவதுபோல் அடைப்பார்கள். காற்றுக் குமிழோடு உறைகிற அந்தக் குழம்புதான் வெள்ளைப் பட்டை. யாளியின் கோரைப் பற்கள் புத்தாண்டுக்குள் மழுங்கி, இப்போது அது கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது.

கூடத்திலேயே சிறந்த வேலை எருது. ஐஸில் மாடு என்றால் யாரும் ஜல்லிக்கட்டைத்தான் செய்வார்கள். இங்கே நம் பக்கத்து எருது விடும் விழாவைச் செய்திருக்கிறார்கள். பிடிக்க வருகிற கை எதுவும் இல்லை. கழுத்துக் கயிறு பின்னால் பறக்க, நீட்டிய உடலோடு ஓடுகிற காளை. நான்கு கால்களை மட்டும் நம்பி அவ்வளவு எடையை நிறுத்த முடியாது என்பதால் வயிற்றுக்கடியில் கிளம்பும் புழுதியைத் திரட்சியாக விட்டு, அதன்மேல் உடலை அமர்த்தியிருக்கிறார்கள். புழுதி மட்டும் வெள்ளை ஐஸ், காளை தெளிந்த ஐஸ். பாளத்தைப் புரிந்துகொண்ட கை அது. இதன் எதிரில் இரண்டு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

தெளிந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்பதுண்டு. மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஐஸ் பார், உப்புநீர்த் தொட்டியில் தகர அச்சை இறக்கி உறைய வைப்பது. நான்கு பக்கமும் உள்நோக்கி உறையும். உறையும் நீர் காற்றையும் உப்பையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளாமல் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுத்தண்டு பால்போல் வெளுக்கும். காற்றுக் குழாய் விட்டுத் தண்ணீரைக் கலக்கியபடி உறைய வைத்து, நடுவில் தேங்கும் அழுக்குநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால் வெளுப்பு குறையும். சிற்பத்துக்கென்றே இருக்கும் இயந்திரம் இன்னும் எளிது. அடியிலிருந்து மட்டும் குளிர்வித்து, மேலே ஒரு சிறு பம்ப்பால் தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்கும். 300 பவுண்டு, அதாவது 136 கிலோ பாளம் உறைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பாலாற்றுப் படுகையில் உப்புத் தண்ணீரோடு காலம் தள்ளுகிற நமக்கு இன்னொன்றும் சேர்கிறது. போர்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாளத்துக்கு நடுவே சுண்ணாம்பு கரைத்த மாதிரி நிற்கும், ஆர்.ஓ. போட்டே ஆக வேண்டும். இங்கே சிலைகளுக்கு நல்ல பாளம் வாங்கியிருக்கிறார்கள். சுவருக்கும் மேடைக்கும் சாதாரண ஐஸ் பார். அது கஞ்சத்தனம் இல்லை, சரியான கணக்கு.

ஐஸில் செய்த கோட்டை வாசல் பரவாயில்லை. அகழியில் நீலக் குழல்விளக்கு போட்டது மட்டும் கண்ணைக் குத்துகிறது. பொங்கல் பானையும் கரும்பும் செல்ஃபிக்காக வைத்தவை. பென்குயினையும் பனிக்கரடியையும் தோளோடு தோள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று தென்பாதிக்குரியது, மற்றது வடதுருவத்துக்குரியது, ஆயுளில் சந்திக்காது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிடுங்கள். மூலையில் இருக்கும் இக்ளூவும் ஐஸ் செங்கலால் கட்டியது. நிஜ இக்ளூ இறுகிய தூவிப்பனியை அறுத்துக் கட்டுவது. பனிக்குள் சிறைப்பட்ட காற்றுதான் உள்சூட்டைக் காக்கிறது, கெட்டி ஐஸ் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்திவிடும். இங்கே இக்ளூவுக்குள் உட்கார்ந்தும் கதகதப்பே இல்லை என்று பிள்ளைகள் சொன்னால் காரணம் இதுதான்.

இணையத்தில் சீனத்து ஹார்பின் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து உதடு பிதுக்குபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அங்கே சோங்ஹுவா ஆறு உறைந்து, அறுத்துக்கொள் என்று கிடக்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 20-க்கும் கீழே போகிற ஊர், குளிருக்குக் கரண்ட் பில் கிடையாது. 1985 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள், ஆட்கள் தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். மார்கழி விடியலில் 18 டிகிரிக்கே மங்கி குல்லா போடுகிற ஊரில் இந்தக் குளிரை ஒவ்வொரு யூனிட்டாக விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

வாசல் டிஜிட்டல் பலகையில் மைனஸ் 10 என்று ஒளிரும். சென்சார் காயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருகிற பெருமை அது. காலையில் சிலைகள் நடுவே மைனஸ் 7, 8 இருக்கும், மாலையில் கதவருகே மைனஸ் 2 வரை ஏறிவிடுகிறது. தரை எப்போதும் தலைமட்டத்தைவிடக் குளிர். பெரியவருக்கு இதமாகத் தெரிகிற இடத்தில் நாலு வயதுப் பிள்ளை அதைவிடக் குளிர்ந்த காற்றில் நிற்கிறது. காற்றாடி நேராக வீசுகிற இடத்தில் யாரும் நிற்காதீர்கள். அதே டிகிரியில் காற்று அடித்தால் உடம்பு இன்னும் வேகமாகச் சூட்டை இழக்கும்.

கொடுக்கிற ஜாக்கெட் தொடை வரைதான் வரும். இடுப்புக்கு மேலே பிரச்சினை இல்லை, கீழேதான். வேட்டி, லுங்கி வேண்டாம். சேலை கட்டி வருபவர்கள் உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு, கொசுவத்தை நன்றாகத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நனைந்த கரை உறைந்து அட்டைபோல் விறைத்து, கம்பூட்டில் மாட்டி இடறும். பூட்டுக்குள் கம்பளிக் காலுறை நல்லது. பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஐந்தாம் நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பருத்திதான் இருக்கிறதென்றால் வரிசையில் செருப்போடு நின்று, நுழைவதற்குச் சற்று முன் காய்ந்த ஜோடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக் கொலுசைக் கழற்றி வையுங்கள். தலையில் மல்லிகை வைத்து வந்தால் அது உறைந்து, வெளியே வந்து இளகும்போது வெந்த மாதிரி பழுப்பாகத் தொங்கும். 30 ரூபாய்க் கையுறை வெறும் நூல், நனைந்தால் போச்சு. வீட்டில் பைக் ஓட்டும் கையுறை இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க, இங்கே நூல் கையுறை வாடகைக்கு விடுகிறார்கள் என்பது தனி வேடிக்கை.

ஆஸ்துமா உள்ளவர்கள் போகக் கூடாது. குளிர்ந்த உலர்காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும், இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கிறது என்பது தைரியமாகாது. இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்க்கலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குக் குளிர் ஏறுவதே தெரியாது. மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இலவசம் என்று கைக்குழந்தையைத் தூக்கிப் போகாதீர்கள். சிகிச்சைக்காக ஊருக்கு வந்து தங்கியிருப்பவர்களின் உறவினர்களும் நிறைய வருகிறார்கள். எச்சரிக்கைப் பலகையைத் தமிழோடு இந்தியிலும் வங்காளியிலும் எழுதியது நல்ல புத்தி. எழுத்தைத்தான் இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம்.

உள்ளே இருக்கும் ஐஸ் சறுக்குமரம் பெரியவர்களுக்கும் உண்டு. ரெக்ஸின் பாயில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றாமல் தூக்கிப் பிடித்து இறங்க வேண்டும். ஐஸில் உராய்வு மிகக் குறைவது மைனஸ் 7 டிகிரியை ஒட்டி, ஆகவே காலையில் எதிர்பார்த்ததைவிட வேகம். முதல் இரண்டு பேர் இரவு படிந்த உறைபனியைத் தேய்த்துக் கொடுத்த பிறகு இன்னும் கூடும். மாலையில் மேலே ஈரம் நின்று, பாய் ஒட்டி, நடுவழியில் நின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவர் வந்து மோதுகிறார். கீழே ஆள் எழுந்து போன பிறகே அடுத்தவரை விடச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள்.

படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் தெளிந்த ஐஸை ஊடுருவிப் போய்ப் பின்சுவரைத்தான் காட்டும். பின்னாலோ அடியிலோ எல்இடி இருக்கிற பக்கம் எதிரே வருமாறு நின்று, திரையில் சிலையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். செதுக்கிய கோடு கோடாகத் தெரியும். போனை எடுக்கும் நேரம் தவிர உள்சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். ஐபோனுக்கே 0 முதல் 35 டிகிரிதான் வரையறை. குளிரில் 40 சதவீத பேட்டரி காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்தால் பதறாதீர்கள், சூடானதும் உயிர் வரும். அதைவிட முக்கியமானது வெளியே வரும் நேரம். முன்னறையிலேயே போனை ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டு, வெளியே கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் கவருக்கு வெளியே படியும், போனுக்குள் போகாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்குங்கள். போட்டபடி வந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது, படியோ மூன்று, அதுவும் ஈரம்.

போக்குவரத்தில் சிரமம் இல்லை. பாகாயம் – காட்பாடி டவுன் பஸ் எது வந்தாலும் ஏறலாம். மாலையில் கிரீன் சர்க்கிள் நெரிசலுக்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். முதல் சுற்று காலை 11 மணிக்கு, பத்தே முக்காலுக்கு நின்றால் போதும். இரவு முழுக்க மூடிக் கிடந்த அறை என்பதால் அப்போதுதான் வெண்பூச்சைத் துடைத்துவிட்டிருப்பார்கள், எருதின் கண் இமை வரை தெரியும். டிக்கெட்டை மாலைக்கு வாங்கிவிட்டு வந்து நின்றால் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள், கவுன்டரில் பணம் கொடுக்கும் முன்பே நேரத்தைச் சொல்லுங்கள்.

பொங்கல் நான்கு நாளும் தவிர்க்க வேண்டியவை. காணும் பொங்கலுக்குப் பிறகு 150 ரூபாய்க்கு இறக்கிவிடுவதாகக் கவுன்டரில் சொல்கிறார்கள். அந்த வாரம் யாளிக்கு முகம் இருக்காது, எருதுக்குக் கொம்பு மிஞ்சினால் அதிர்ஷ்டம். சறுக்குமரத்துக்காக மட்டும் என்றால் அப்போது பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.